தொடைக்கு அடியில் ஒரு கை

மகாதேவன் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, தன் முழு எடையையும் அதன் மேல் இறக்கி உட்கார்ந்தார். பிரம்பு நாற்காலி ஒருமுறை முனகி அடங்கியது. வெளியே இருப்பது இடது கை மட்டும். வேலை அதற்குத்தான்: பியானோவின் இடப்பக்கத்திலிருந்து எழுந்து, வாசிப்பவரின் கண்ணை மறைக்காமல் எட்டி, தாளின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பியானோ வாசிக்கும் சாதனா தலையசைத்ததும் புரட்ட வேண்டும்.

வலது கைக்கு வேலையே இல்லை. தொல்லை அங்கேதான். மாட்டுங்கா சபாக்களில் தாளம் போட்டே வளர்ந்த கை அது. எந்தச் சீமை இசை கேட்டாலும் தானாகத் தொடையைத் தேடிப் போய்விடும். சற்று முன் முதல் பதிவு அப்படித்தான் கெட்டது. வாசிக்கிற ஆறு நடன இசைத்துண்டுகளில் மூன்றாவதன் நடுவே 'தப்'. சாதனா திலக் நகர்ப் பெண், பெரியவர்களிடம் குரலை உயர்த்தாதவள். "மாமா, இன்னொரு தடவை சத்தம் வந்தா, ப்ளீஸ், நீங்க வெளியில உக்காந்துக்கோங்கோ. நானே புரட்டிக்கறேன்" என்றாள். அந்த 'ப்ளீஸ்'தான் அவருக்குச் சுருக்கென்றது.

அவள் அவசரம் அவளுக்கு. வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்று அவள் வாசிப்பை வெட்டும் ஒட்டும் இல்லாத ஒரே பதிவாகக் கேட்டிருக்கிறது. இன்றைக்குள் போய்ச் சேர வேண்டும். மாஹிமில் வாடகைக்கு எடுத்த இந்த அறையோ இன்னும் அரை மணி நேரத்தில் வேறொருவருடையது.

மகாதேவன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து மேஜைக்காரர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மதியச் சாப்பாட்டு வேளையில் மேல்நாட்டு ஸ்வரக்குறிப்பைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அன்று முதல் இவர் பியானோ வாசிப்பவர்களுக்குப் பக்கம் புரட்டுகிறார், பக்கத்துக்குப் பக்கம் இசையமைத்தவரைப் பற்றி அபிப்பிராயமும் சொல்கிறார். டெபுஸியா? "ஆலாபனையை ஆரம்பிச்சுட்டு என்ன ராகம்னு கடைசி வரைக்கும் சொல்லமாட்டான்." ஷோன்பெர்க்? "பன்னெண்டு ஸ்வரத்துக்கும் ஒரே ரேஷன். ஒருத்தருக்கும் வயிறு ரொம்பாது." எலிங்டன் வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் சட்டை தைத்தவர். தெலோனியஸ் மாங்க், "படியில கால் தவறினவன் மாதிரி பாசாங்கு பண்ணிண்டு கரெக்டா கீழ்ப்படியில நிக்கறவன்."

இவர்களில் ஒருவரைக்கூட அவர் வீட்டுக்குள் விட்டதில்லை. அங்கே கர்நாடக சங்கீதம் மட்டும்தான். "பிடிக்கலேன்னா ஏன் போறேள்?" என்று மனைவி அகிலாண்டம் கேட்டதற்கு வந்த பதில்: "பிடிக்கலேன்னு யார் சொன்னா? ஆத்துல வெச்சுக்கத்தான் முடியாது."

ஒலிப்பதிவு செய்யும் பைசான் மின்விசிறியை நிறுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

பார்டோக், பல்கேரிய நடைகளில் எழுதிய ஆறு நடனங்கள். முதலாவது நாலும் இரண்டும் மூன்றும். தகதிமி தக தகிட என்று மகாதேவனின் தலைக்குள் ஓடியது. கை அடியில் துடித்தது. அழுத்திக்கொண்டார். மூன்றாவது நடனம் சத்தமில்லாமல் கடந்தது. நான்காவதில் விரல்கள் மரத்தன. ஐந்தாவதில் கை இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, அதையும் துடைக்கவில்லை.

ஆறாவது நடனம். மூன்று மூன்று இரண்டு, தலைதெறிக்கும் வேகம். தகிட தகிட தக. கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மறுபடி கையின் மேல் உட்கார்ந்தபோது அவர் காதில் விழுந்தது.

டொக். டொக். டொக்.

பதறிப்போய்த் தொடையை அழுத்தினார். கை அங்கேயேதான் இருந்தது. கண்ணை மட்டும் கீழே இறக்கினார். சாதனாவின் வலது கால் பெடலில் இருந்தது. இடது காலுக்கு வேலை இல்லை. அதன் செருப்புக் குதி பலகைத் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

கடைசி ஸ்வரம் அடங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

பைசான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டான். தாராவிக்காரன், ஒளிவுமறைவு தெரியாதவன். "க்யா அங்கிள், மறுபடியும் தட்டிட்டியளே! கடைசி டான்ஸ்ல டொக்கு டொக்குனு விழுந்திருக்குல்லா. செத்த நேரம் கைய சும்மா வைக்க முடியாதா?"

மகாதேவன் கையை உருவினார். ரத்தம் செத்து வெளுத்திருந்த உள்ளங்கையில் பிரம்புப் பின்னல் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. எந்தக் கோர்ட்டிலும் செல்லும் சாட்சி. சாதனா பியானோ கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடது கால் ஆசனத்துக்கு அடியில் பின்வாங்கியிருந்தது.

அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கையை மூடிக்கொண்டார்.

"சொன்னா கேட்டாத்தானேப்பா இந்தக் கை" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார்.

"மாமா." சாதனா கூப்பிட்டாள். "முதல் பக்கத்துக்குத் திருப்புங்கோ."

அவர் திரும்பி வந்தார். தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி வைத்துவிட்டு உட்கார்ந்து, வலது கையைப் பழைய இடத்தில் செருகிக்கொண்டார். சாதனா குனிந்து இடது செருப்பைக் கழற்றினாள். காலை மடித்தாள். அதைத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்தாள்.