வேலி விளக்கு எரியாத ஆயுத பூஜை

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் நான் வயர்மேன். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வேலி நெடுக விளக்குகள். மாலை ஏழு மணிக்கு அவை எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரோ வழி விட்டதாகத்தான் போலீஸ் நினைக்கும். பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை.

மனிதன் மறந்துவிடுவான் என்று தோட்டத்தை நடத்திய துரை ஒரு தானியங்கிப் பெட்டியை வரவழைத்தார். உள்ளே ஒரு கடிகாரம். மணி ஏழானால் இரண்டு செப்புத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விளக்குகள் தாமாக எரியும். அதற்கு ஒரே சாவி, அது என் இடுப்பில். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. காலையில் எஞ்சினை நிறுத்தி, ஆலையைக் கழுவி, உருளை முதல் குறடு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். சாயங்காலம் ஏழு மணி ஆயிற்று. விளக்கு எரியவில்லை.

பூஜை முடிந்து திரும்பக் கிளப்பிய கரண்டு எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் போகவில்லை, பல்பும் கருகவில்லை. பைத்தியக்காரன் மாதிரி வேலியோரம் ஓடினேன். பெட்டியை விட்டுவிட்டு நேராக வயரைக் கொடுக்கலாம் என்பதே கால் மணி நேரம் கழித்துத்தான் தோன்றியது. அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. வெள்ளைக்கார அதிகாரி, காலையில் தன் எதிரில்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எஞ்சின் ஓட்டுபவரை, நான் அண்ணன் என்று கூப்பிடுபவரை, ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு மண்டை குழம்பிவிட்டது. அண்ணன் மேல்கூடச் சந்தேகம் வந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

காலையில் அதிகாரி, துரை, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மூவரும் நிற்கப் பெட்டியைத் திறந்தேன். செப்புத் தகட்டின் நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். கரண்டு எப்படிப் போகும்?

வைத்தது யார்? சாவி என்னிடம். அப்படியென்றால் விரலும் என்னுடையதுதான். எந்தச் சாமானில் எது வேலை செய்கிறதோ அதற்குத்தான் பொட்டு வைப்போம், கை பழகிப்போனது. ஆனால் உருளைக்கு வைத்தது நினைவிருக்கிறது, எஞ்சினுக்கு வைத்தது நினைவிருக்கிறது, இது மட்டும் இல்லை. இன்றுவரை இல்லை. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

"நான்தாங்க வெச்சேன். பூஜைக்கு," என்றேன்.

கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடியும் சொல்லச் சொன்னார். எனக்கே விளங்காததை அவருக்கு எப்படி விளங்கவைப்பது? கடைசியில் துரை தன் கைக்குட்டையால் தகட்டைத் துடைத்துக் கடிகார முள்ளை ஏழுக்குத் திருப்பினார். பட்டப்பகலில் வேலி விளக்குகள் அத்தனையும் எரிந்தன.

மத்தியானம் அண்ணன் திரும்பி வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"பெட்டியத் தொறந்தது யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தானுங்க தம்பி. தெரியாது லா, அப்படின்னுட்டேன்."

"உங்களுக்குத்தான் தெரியாதே அண்ணே."

"நீ பொட்டு வெக்கிறப்ப சந்தனக் கிண்ணத்தப் புடிச்சிக்கிட்டு நின்னதே நான்தான்," என்றார் அண்ணன்.