மேஸ்திரி எழுந்திருக்கும் வரை

போன வாரம் என் மகன் ஒரு கேட்டரிங்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தான். எனக்கு எண்பது ஆகப்போகிறதாம், கொண்டாடியே தீரவேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ரொம்பவும் அழுத்திச் சொல்லவில்லை, நிஜமாகவே விட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். வந்தவர் நல்ல மனிதர். பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். காய்ந்த இலைகளை ஈர்க்கால் குத்தித் தைத்த தட்டு. "இப்ப இதுதான் சார் லேட்டஸ்ட். ரேட் மட்டும் கொஞ்சம் கூட" என்றார். நான் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். மகனும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தையல் இலை, ஐயா. வாழை இலை வாங்க வக்கில்லாதவன் வீட்டு விசேஷத்தில் போடுகிற இலை. அதற்கு இப்போது ரேட் கூடவாம். சூடான சோறு விழுந்ததும் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். வெயிலில் கிடந்த வைக்கோல் மாதிரி இருக்கும், பசியைக் கிளப்பிவிடும். "எத்தனை பேர் சார் வருவாங்க?" என்று அந்த மனிதர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், தப்பாக எடுத்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டை என்ன பாடு படுத்தியது என்பதை அவரிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் நைனா துறைமுகத்தில், எங்கள் தெருப் பேச்சில் ஆர்பரில், மேஸ்திரி. ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில், வாசல் இறங்கினால் காலில் கடல்மணல் ஒட்டுகிற ஒரு சின்னத் தெருவில் வீடு. ஒரு கோடியில் தும்மினால் மறுகோடியில் 'நூறு' என்பார்கள், அவ்வளவுதான் நீளம். நைனாவின் கீழே நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக ஆட்கள் மூட்டை இறக்கினார்கள். மத்தியானம் கப்பலோரத்து நிழலில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மேஸ்திரி எழுந்து கை கழுவும் வரை ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். கேட்டால் மரியாதை என்பார்கள். உள்விஷயம் வேறு. சாப்பிடுகிறவனை எழுப்பி வேலைக்குத் துரத்த எந்தத் துரைக்கும் மனசு வராது. அதனால் நைனா ஒரு தூக்குச் சட்டிப் பழையதை உருட்டி, உருட்டி, பக்கத்தில் இருப்பவனிடம் இரண்டு வார்த்தை பேசி, மறுபடி உருட்டிச் சாப்பிடுவார். முதுகுகள் ஆறும் வரை அந்தச் சட்டி காலியாகாது. பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "இன்னா, கல்லு பொறுக்கினு கீறியா?" என்று அம்மா கேட்பாள்.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. தன்னிடம் வேலை செய்தவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதையும் விட்டதில்லை. முதல் இலை அவருக்குத்தான். ஆனால் அவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிச் சோறு போட்டதில்லை. அக்கா கல்யாணத்துக்குப் போட்டிருக்கவேண்டியது. அது ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயம். வழியில் தங்கின ஏதோ ஒரு ஊரில், கோயில் வாசலில், நாலைந்து பேர் மத்தியில் தாலி ஏறியது. "ஊரெல்லாம் துன்னுட்டு கை கயுவினேன். என் வூட்ல ஒருத்தன் கை கயுவினதில்ல" என்று நைனா சொல்லிக்கொண்டே இருப்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

அவருக்கு அறுபது முடிந்தபோது நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த மாதத்தோடு துறைமுக வேலையும் முடிகிறது. ஆட்கள் ஆளுக்கொரு கப்பலாகப் பிரிந்துவிட்டால் அப்புறம் யாரை எங்கே தேடுவது? அறுபதாம் கல்யாணத்தன்று அத்தனை பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிடவேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றார். வேஷ்டி வேண்டாம், மேளம் வேண்டாம். சோறு.

அந்தச் சோற்றில்தான் வில்லங்கம். ஆளுக்கு இத்தனை அவுன்ஸ் என்று அரிசியை ரேஷனில் அளந்து போட்ட காலம். வீட்டு விசேஷத்தில் இத்தனை பேருக்கு மேல் சோறு போடக்கூடாது என்று வேறு உத்தரவு. எத்தனை என்பது இப்போது மறந்துபோயிற்று, அடிக்கடி மாற்றினார்கள். ஒரு சின்ன வீட்டுக் கூடத்தில் நெருக்கி உட்கார்ந்தால் நிறைகிற கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த உத்தரவைக் காகிதத்தில் டைப் அடித்து அனுப்பிய மகானுபாவன் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். ரேஷன் ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. மகன் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று நைனா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்த மகன் வீட்டிலேயே நூறு பேர் சோறு தின்றால் மறுநாளே என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

"கெயங்கு, சுண்டல், வாயப்பயம், இதெல்லாம் எத்தினி பேருக்கு வேணா குடுக்கலாம் நைனா. அதுக்குத் தடை கிடையாது" என்றேன்.

"ஆர்பர்காரன வூட்டுக்கு கூப்ட்டு கெயங்கு குடுத்து அனுப்பறதா? நல்லா கீதுடா உன் ஆபீசு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர்கள் அப்போது இறக்கிக்கொண்டிருந்ததே பர்மா அரிசி. நாள் முழுவதும் தலையில் அரிசி, ராத்திரி வீட்டில் கேழ்வரகுக் களி. கப்பலிலிருந்து மூட்டை தூக்கும் வின்ச்சு ஓட்டுகிற ஏழுமலை மாமா நைனாவுக்கு ரொம்ப நாள் தோஸ்து. ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "மேஸ்திரி, கீய சிந்தறத பெருக்கினாலே விருந்துக்கு ஆவும். நீ ஒண்ணும் பண்ண வேணாம், பாக்காத மாதிரி இரு, அது போதும்" என்றார். நைனா அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி மடித்து, அவர் கையிலேயே கொடுத்தார். மாமா காப்பி வரும்வரைகூட இருக்காமல் கிளம்பிவிட்டார். அது கருப்பட்டிக் காப்பிதான், நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை.

வழி கண்டுபிடித்தது அம்மா. தெருவில் உள்ள பெண்களிடம் பேசினாள். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டு வையுங்கள், கடனாக, பிறகு எங்கள் ரேஷனில் கழித்துத் தருகிறேன் என்றாள். கடைசி வீட்டுக் காதர் பாய் சம்சாரம் முதல் பிலோமினாக்கா வரை எல்லோரும் சரி என்றார்கள். பிலோமினாக்கா புருஷன் கட்டுமரத்தில் போகிறவர். ரேஷன் அரிசியே அவர்கள் வீட்டில் பாதி வாரத்துக்குத்தான் வரும். அந்த அக்காவும் பிடி பிடியாக எடுத்து வைத்தாள்.

பானைகள் ஓரளவு நிறைந்ததும் அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வீடு வேறு அரிசி. சிலருக்கு ரேஷன் டோல்கேட் பக்கத்துக் கடையில், சிலருக்கு எங்கள் கடையில். பச்சை, புழுங்கல், சிவப்பு என்று ஒரு கண்காட்சியே இருந்தது. "ஒண்ணா போட்டு வடிச்சா பாதி களியாவும், பாதி பல்ல ஒடைக்கும். அவங்கவங்க அரிசிய அவங்கவங்க அடுப்புலயே வடிக்கட்டும்" என்றாள். அதைக் கேட்டதும்தான் என் குமாஸ்தா மூளைக்கு உறைத்தது. வடிக்கிற வீட்டிலேயே பந்தியும் போட்டுவிட்டால்? உத்தரவு வீட்டுக்குத்தான், தெருவுக்கு இல்லையே. ஒரு வீட்டுக்கு ஒரு கூடம் நிறைய ஆட்கள். சட்டமும் பிழைக்கும், சோறும் போட்டாயிற்று.

பெரிய ராஜதந்திரி மாதிரி நைனாவிடம் போய்ச் சொன்னேன்.

"பந்திய துண்டு துண்டா வெட்டிட்டியேடா" என்றார்.

திட்டியிருந்தால் தேவலாம். வேறு வழி இல்லை என்று அவருக்கும் தெரியும். சரி என்று ஒத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். எல்லா வீட்டிலும் தனக்கும் ஒரு இலை போடவேண்டும்.

அறுபதாம் கல்யாணத்தன்று காலையில் நைனாவும் அம்மாவும் ஜட்கா வைத்துத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் மாலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அம்மா வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாம்பார் எங்கள் வீட்டில் மட்டும், கடன் வாங்கின அண்டாவில். கொத்தவால்சாவடியில் கடை கட்டும் நேரத்தில் போய் அடிமாட்டு விலைக்கு அள்ளி வந்த பூசணிக்காய். சர்க்கரையும் ரேஷன் ஆனதால் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து வெல்லம் போட்டுப் பாயசம். எந்தக் கிழங்கை நைனா வேண்டாம் என்றாரோ அதை அம்மா அவருக்குத் தெரியாமல் உள்ளே நுழைத்துவிட்டாள். நல்ல பாயசம் என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

சாம்பார் வாளிகளோடு நான் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நைசாக எழுந்து நழுவுவதைப் பார்த்தேன். அடுத்த வீட்டிலும் இடம் காலியாகிக்கொண்டிருந்தது. எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம் பிலோமினாக்கா வீடு. "கருவாடுகூட இல்லாம ஆர்பர்காரனுக்கு இன்னா சோறு?" என்று அக்கா யாரையும் கேட்காமல் ஒரு சட்டி நெத்திலிக் குழம்பு வைத்துவிட்டாள். வாசனை தெருவில் இறங்கிவிட்டது. அவள் வீட்டு வாசல் வரை ஆட்கள். ஆபீசிலிருந்து யாராவது சைக்கிளில் வந்தால் நான் தொலைந்தேன். அம்மா வந்து பார்த்தாள். "ஆள ஏண்டா நகத்தறே? சட்டிய நகத்து" என்று நெத்திலியைச் சொம்பு சொம்பாகப் பிரித்து வீட்டுக்கு வீடு அனுப்பினாள். கூட்டம் சமர்த்தாகப் பழைய இடத்துக்குப் போயிற்று. கோயிலுக்குப் போய்வந்த நைனா பிலோமினாக்கா வீட்டு இலையில் என்ன சாப்பிட்டார் என்பதைத் தான் பார்க்கவில்லை என்று அம்மா சாதித்தாள்.

நைனா ஒரு வீட்டில் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடுவார். "நா இன்னும் முடிக்கலப்பா, அந்த வூட்டுக்கும் போய்ட்டு வர்றேன்" என்று இலையை மூடாமல், கை கழுவாமல், எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். ஒவ்வொரு கூடத்திலும் முன்னால் இருக்கிற கொஞ்சம் பேரைப் பார்ப்பார், சிரிப்பார். மீதிப் பேர் சுவருக்கு அந்தப் பக்கம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் காதர் பாய் வீட்டுக்குள் நுழைந்தபின், முதல் வீட்டில் இலைகளை எடுக்கலாம் என்று போனேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்து வெறும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பருக்கை ஒட்டின கைகள் வெள்ளையாகக் காய்ந்துபோயிருந்தன.

"எந்திரிங்க மாமா, கை காயுது" என்று ஏழுமலை மாமாவிடம் சொன்னேன்.

"மேஸ்திரி கை கயுவிட்டாரா?"

"இல்ல. பாய் வூட்ல சாப்ட்டுகினு கீறாரு."

"அப்ப பந்தி இன்னும் முடியல. நீ போ தம்பி."

அடுத்த வீட்டில் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினாக்கா வீட்டிலும் அதே கதை, "எந்திரிக்க மாட்டேங்கிறாங்கடா" என்று அக்கா செம்பும் கையுமாக நின்றாள். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி சாப்பிட நேரமானால் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் துறைமுகத்துப் பழக்கம், அவ்வளவுதான்.

நான் ஓடிப்போய் நைனாவிடம் குனிந்து சொன்னேன். வாய்க்குக் கொண்டுபோன கவளம் அப்படியே நின்றது.

"எல்லாருமா?"

"எல்லா வூட்லயும் நைனா. உனக்காகத்தான் குந்தினு கீறாங்க."

அவருக்கு அதற்குமேல் வயிற்றில் இடமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். அதை உருட்டி உருட்டி, கண்ணைத் துடைத்துக்கொள்ள இடது கை போதாமல் தோளால் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். காதர் பாய் பக்கத்து இலையில் காய்ந்த கையோடு காத்திருந்தார். பிறகு நைனா இலையை மூடினார். எழுந்து தெரு நடுவில் போய் நின்று, சாயங்காலம் வேலை விடும்போது கப்பலின் அடிவயிற்றில் இருப்பவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில், "எல்லாரும் மேல வாங்கப்போவ்" என்றார்.

எல்லா வாசலிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தார்கள். வலது கையை மடக்கித் தூக்கிப் பிடித்தபடி தெரு கொள்ளாமல் நடந்து, மணலில் இறங்கி, கடலோரம் வரிசையாகக் குனிந்து கை கழுவினார்கள். உப்பு போகப் பெண்கள் நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். கை கழுவ இத்தனை பேர்தான் என்று எந்த உத்தரவிலும் இல்லை, டைப் அடித்த எனக்குத் தெரியாதா. நைனா அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "கயுவிட்டாங்கடா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கமில்லை, அத்தனை சந்தோஷம்.

அப்புறம் அந்த உத்தரவை எடுத்துவிட்டார்கள். ரேஷன் ஆபீசையே மூடி என்னை வேறு இலாகாவுக்குத் தள்ளிவிட்டார்கள். நைனா போய்ச் சேர்ந்தார், அவர் ஆட்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கடல் மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அவர்கள் கை கழுவின மணலையும், பிலோமினாக்கா வீட்டையும், எங்கள் வீட்டையும் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். தெரு எது என்று கேட்டால் தண்ணீரைத்தான் காட்டவேண்டும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெரிய மண்டபம், முப்பது தினுசு பலகாரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ரசத்துக்கு வந்திருப்பேன், நாற்காலி லேசாக ஆடியது. திரும்பிப் பார்த்தால் ஒரு பையன் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறான், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க. கெட்ட பிள்ளை இல்லை, பசி. "நீங்க மெதுவா சாப்பிடுங்க தாத்தா" என்று மரியாதையாகத்தான் சொன்னான். வரிசையில் இரண்டு பக்கமும் பார்த்தேன். என்னோடு உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எப்போதோ எழுந்து போயிருந்தார்கள். மோருக்குக் காத்திருக்காமல் நானும் இலையை மூடிவிட்டேன்.