தொண்டையைப் பிடிக்கிற லெமன்

எலுமிச்சம்பழத்தைச் சமையல் மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிக்கொண்டிருக்கிறார் காவேரி. பழம் இளகிய பிறகுதான் கத்தியைத் தொடுவார். பிழியும்போதும் பேராசை கிடையாது. சாறு இன்னும் இருக்கும்போதே மூடியைத் தூக்கிப் போட்டுவிடுவார். "ஒட்டப் புழிஞ்சா கசந்துபூடும்ண்ணா. வெத நசுங்கவே கூடாது" என்பார். சொல்லும்போதும் கண் பழத்தின் மேல்தான் இருக்கும்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருக்கிறார். ஷிஃப்ட் விட்டதும் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே நேரத்தில் தாகமெடுத்து வந்து நிற்கும். முகத்தைப் பார்த்தே மொழியை முடிவுசெய்வார் காவேரி. உப்பு போடட்டுமா என்பது ஒருவரிடம் கன்னடத்தில் "உப்பு ஹாக்லா?", இன்னொருவரிடம் தெலுங்கில் "உப்பு வெய்யாலா?". ஆளை மாற்றிக் கேட்டுவிட்டாலும் நஷ்டமில்லை, மூன்று மொழியிலும் உப்புக்கு உப்புதான். இந்திக்காரருக்கு மட்டும் உப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்துவார். "உப்புங்கற ஒரு வார்த்த போதும்ண்ணா, கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளி தாண்டியும் கடை போட்டுக்கலாம்" என்று அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, எலுமிச்சைக்குக் கிடையாது. அன்று மத்தியானம் வீட்டில் லெமன் வோட்கா. மாடியில் குடியிருக்கும் எனக்கும் ஒரு கண்ணாடித் தம்ளர் உண்டு. ஓசூர் வெயில் இப்போதெல்லாம் கிருஷ்ணகிரி வெயிலுக்குச் சவால் விடுகிறது. அதனால் கூப்பிட்ட குரலுக்கு நான் இறங்கிவிடுவேன்.

இந்த வழக்கம் ஆஸ்பத்திரியில் பிறந்தது. காவேரியின் கணவர் சிவராஜ் அதே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறார். போன வருஷம் பாரில் குடித்துவிட்டு பைக்கில் திரும்பியவர் மேம்பாலத்தடியில் வண்டியோடு சரிந்து விழுந்தார். தோள்பட்டை எலும்பில் தகடு வைக்க வேண்டியதாயிற்று. கட்டிலருகே உட்கார்ந்து காவேரி ஒரே மூச்சில் சொன்னாராம்: "குடிக்க வாணாம்னா நீங்க கேக்கப் போறதில்ல. வூட்லயே குடிங்க, நானே கலந்து தரன். இன்னொரு வாட்டி பாருக்குப் போனீங்கன்னா, நான் பாரூருக்குப் போயிடுவன்." பாரூரில் அவருடைய அம்மா வீடு. பிராந்தி வாடை காவேரிக்கு ஆகாது, அதனால் வோட்கா. அதெல்லாம் பொம்பளைங்க குடிக்கிறது என்று முனகினாலும், தகடு வலித்ததால் சிவராஜ் சம்மதித்தார்.

காவேரியின் செய்முறை எந்த ஓட்டலிலும் கிடைக்காது. எலுமிச்சைச் சாறோடு கொஞ்சம் சாத்துக்குடி. காய்ச்சி ஆறவைத்த சர்க்கரைப் பாகு. ஒரு சிட்டிகை உப்பு. பாரூரிலிருந்து வந்த நாரத்தை இலையைக் கசக்கி உள்ளே போட்டு, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் ஐஸோடு ஊற்றிக் குலுக்குவார். தூக்கு குலுங்கும்போது அவர் வளையலும் சேர்ந்து குலுங்கும். டீ வடிகட்டியில் வடித்து மேலே சோடா. வோட்கா எப்போது சேரும் என்று கேட்கிறீர்களா? அது சமையலறைக்குள் நடக்கும் காரியம். இவ்வளவு செய்பவர் ஒரு சொட்டும் குடித்துப் பார்த்ததில்லை. தம்ளரை நீட்டி, "தொண்டயப் புடிக்குதா?" என்று மட்டும் கேட்பார்.

பிடிக்கும். நன்றாகவே பிடிக்கும். சிவராஜின் கூட்டாளி கருப்பசாமி கோவில்பட்டிக்காரர். இரண்டாவது தம்ளரில் பாட ஆரம்பித்துவிடுவார். "ஏ அண்ணாச்சி, இந்த மாதிரி சரக்க நான் ஆயுசுக்கும் குடிச்சதில்லவே" என்று என் தோளில் சாய்வார். நான் வாழ்க்கையின் நிலையாமை பற்றிப் பேசுவேன். சிவராஜ் கண் சிவந்து, சூப்பர்வைசரை மன்னித்துவிட்டதாக அறிவிப்பார். 

ஒரு ஞாயிறு ஐஸ் வாங்கச் சமையலறைக்குள் போனேன். காவேரி கீறிய பச்சைமிளகாய் ஒன்றையும் இஞ்சிச் சாற்றையும் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு வோட்காவில் விரலை நனைத்துத் தம்ளர்களின் விளிம்பைச் சுற்றித் தடவினார். அவ்வளவுதான். நிலையாமை பற்றி நான் இத்தனை வாரம் பேசியதெல்லாம் வெறும் லெமன் சோடாவில்.

"மூக்குக்கு ஓட்கா, தொண்டைக்கு மொளகாண்ணா" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். "மொதல்ல நெறையத்தான் ஊத்தினன். வாரா வாரம் கம்மி பண்ணிப் பண்ணி இங்க வந்து நிக்குது. இவருக்குத் தெரிஞ்சா திரும்பப் பாருக்குப் போயிடுவாரு. நீங்க பத்திரிகைல எழுதறவரு, இத மட்டும் எழுதிடாதீங்க."

மிச்ச வோட்கா எங்கே போகிறது என்றேன். "கடைக் கண்ணாடிக்கு. துணியில தொட்டுத் தொடச்சா என்னா பளபளப்புங்கறீங்க." சிப்காட்டிலேயே காவேரி கடையின் கண்ணாடிதான் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் அன்று விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஐஸை எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவனாகக் கூடத்துக்குத் திரும்பினேன்.

அதன்பின் போதை ஏறாமல் போதையில் இருப்பது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. தத்துவத்துக்குத் தடுமாற்றம் வந்தது.

இந்த மே மாதத்தில் வந்து சேர்ந்தான் டெல்வின். பெங்களூருக் கிளையிலிருந்து சிவராஜின் லைனுக்கு மாற்றலாகி வந்த பையன். வெள்ளி, சனி இரண்டு நாளும் விடாமல் குடித்துப் பழகிய நாக்கு அவனுக்கு. ஒரு ஞாயிறு சிவராஜே அவனைப் பெருமையாக வீட்டுக்கு அழைத்துவந்திருந்தார். காவேரி தம்ளரை நீட்டி வழக்கம்போல் கேட்டார், "தொண்டயப் புடிக்குதா தம்பி?"

டெல்வின் ஒரு மடக்கு குடித்தான். யோசித்து இன்னொரு மடக்கு குடித்தான். தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"டேஸ்ட் சூப்பர்க்கா. ஆனா இதுல சரக்கே இல்லியே."

கருப்பசாமியின் பாட்டு பாதியில் நின்றது. காவேரி சோடா பாட்டிலும் கையுமாக அப்படியே நின்றார். முகம் வெளிறிவிட்டது. பைக் சாவி டீவிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது, பார் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. கூட்டாளிகள் முன்னால், இத்தனை மாதம் பெண்டாட்டி தன்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று தெரிந்த ஆம்பிளைக்கு அந்தச் சாவியை எடுக்க எவ்வளவு நேரமாகும்?

சிவராஜ் எழுந்து டெல்வினின் கையிலிருந்த தம்ளரை வாங்கினார். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைக் கோணலாக்கித் தொண்டையைச் செருமினார்.

"உனக்கு நாக்கு செத்துப்போச்சுடா தம்பி. எனக்கு இப்பவே தல கிர்ருங்குது."

காலித் தம்ளரோடு காவேரியை நோக்கி நேராக நடந்தார். பாதி வழியில் திடீரென்று நினைவு வந்தவர்போலத் தள்ளாடி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

காவேரி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, "பாத்து வாங்க, பாத்து" என்று அவர் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த தம்ளர் கலப்பதற்குச் சமையலறைக்கு மெல்ல நடத்திக்கொண்டு போனார்.