சாந்தாமேரி டீச்சர் கூரையேறிய ஐப்பசி

எண்பத்தி நாலாம் வருஷத்து ஐப்பசிக் காற்றைப் பற்றிச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. எங்கள் வீட்டுச் சேவல் அந்தக் காற்றில் கரடியூர் வரைக்கும் பறந்து போய் இறங்கி, மறுநாள் பஸ் பிடித்துத் திரும்பி வந்தது. கண்டக்டர் அதற்கு உட்கார இடம் கொடுத்தார் என்று கேள்வி. சேவலை நம்பாதவர்கள் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுச் சாந்தாமேரி டீச்சரின் ஓடு சரிந்ததும் அதே காற்றில்தான், அது சத்தியம்.

சாந்தாமேரி மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்குக் காஜா எடுக்க வருகிறதென்றால் அது அவர் கையால் பட்ட குட்டினால். கணவர் பாக்கியநாதன் எஸ்டேட்டில் காப்பிப் பழம் தோலுரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பிள்ளை குட்டி கிடையாது. மலைமேல் எங்கள் ஊர் வெள்ளக்கடையில் மங்களூர் ஓடு போட்டு ஒரு வீடு கட்டினார்கள். வாசலில் ஆரஞ்சு மரம், பின்னால் சவுக்கு வேலி. பாக்கியநாதன் போய்ச் சேர்ந்த பிறகு டீச்சரும் தையல் மெஷினும் மட்டும் அந்த வீட்டில்.

முதல் மழையில் தண்ணீர் சரியாக மெஷின் மேலேயே கொட்டியது. அன்றைக்கென்று டீச்சரின் தம்பி லூர்துராஜ் சேலத்திலிருந்து வந்திருந்தான்.

"போதுங்க்கா. ஊட்டை வித்துட்டு என்னோட வந்துருங்க. தனியா ஒரு பொம்பளை இந்த மழையில எத்தனை நாளைக்கு?"

"ஒழுகறதை நிறுத்திட்டா?"

"கல்லறைத் திருநாளுக்கு மாமாவுக்கு மெழுகுவத்தி வெக்க வருவேன். அன்னிக்கு ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் நீங்க என்னோட பஸ் ஏறோணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றார் டீச்சர். சொன்ன பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. ஓடு மாற்றுகிற ஐயாக்கண்ணு கட்டட வேலைக்கென்று மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலையில் கணவரின் காக்கி நிக்கரைப் புடவைக்குள் மாட்டிக்கொண்டு, "ஏ தனம், ஏணியைப் பிடி" என்று என்னைக் கூப்பிட்டார். சாக்கு சுற்றிய இன்னொரு ஏணியைக் கூரை மேல் படுக்கப் போட்டு, அதன் மேல் மண்டியிட்டு நகர்ந்தார். ஓட்டை நேராக மிதித்தால் உடைந்துவிடுமே. அந்த வழியாக வந்த மாதா கோயில் உபதேசியார் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏனுங்கம்மா, மேல இருக்கறது டீச்சருங்களா?"

"இல்லீங்க. பாக்கியநாதன் ஆவிங்க. நிக்கரைத் தேடி வந்திருக்குது," என்றேன் நான்.

அதற்குப் பிறகு உபதேசியார் சுற்று வழியில்தான் கோயிலுக்குப் போனார்.

ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் இரண்டு மூக்கு இருக்கும். அவை குறுக்குக் கட்டையைக் கவ்விக்கொண்டால் ஓடு நகராது. சரிந்த ஓடுகளையெல்லாம் டீச்சர் மேலே தள்ளிவிட்டார். அன்று சாயங்காலமே மழை. மெஷினுக்கு மேலே மட்டும் பழையபடி ஒழுகியது. குரங்குதான் ஓட்டை நகர்த்துகிறதென்று அதைத் திட்டினார். முள்ளை வெட்டிக் கூரையில் பரப்பினார். மறுபடி ஒழுகியது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மெஷினைத் துடைத்துக்கொண்டே, "சேலத்துல ராத்திரியும் வேர்க்குமாமே, தனம்?" என்று கேட்டார்.

"இன்னொருக்கா ஏறிப் பாருங்க டீச்சர்," என்றேன்.

ஏறினார். இந்தத் தடவை ஓட்டைத் தள்ளாமல் கழற்றித் தூக்கினார். தூக்கிய ஓட்டைக் கையில் வைத்தபடியே குனிந்து பார்த்தார்.

"என்னங்க டீச்சர்?"

"குருத்தோலைடி."

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலையைச் சிலுவையாக முடிந்து ஓட்டுக்கடியில் செருகுவார் பாக்கியநாதன். இடி விழாதாம். மற்ற வீடுகளில் அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் பழைய ஓலையைக் கோயிலில் கொடுத்துவிடுவார்கள். அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவது. பாக்கியநாதன் கொடுக்கமாட்டார். "சேரச் சேரக் காவல் பலமாகுமில்லீங்க?" என்பார். பெஞ்சு மேல் ஏறினால் கை எட்டுகிற இடம் மெஷினுக்கு மேலேதான். அவருக்குப் பிறகு டீச்சரும் அங்கேயே செருகினார். வருஷா வருஷம் சேர்ந்து தலையணை கனத்துக்கு உப்பி, ஓட்டின் மூக்கைக் கட்டைக்கு மேலே தூக்கிவிட்டிருந்தது. உள்ளேயிருந்து எல்லோரும் பார்த்ததுதான். பார்த்த போதெல்லாம் கும்பிட்டோமே தவிர, யாரும் சந்தேகப்படவில்லை.

"காத்தைத் திட்டுனேன், கொரங்கைத் திட்டுனேன். இந்த மனுசனைத் திட்டலையே," என்று கூரை மேல் உட்கார்ந்து சிரித்தார். பிறகு குரல் மாறியது. "அவரு முடிச்சுடி தனம். என் முடிச்சு இப்படி வராது. இதை எப்படிப் பிடுங்குவேன்?"

பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்தது. டீச்சரின் கால் மட்டும் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. தூறல் விழ ஆரம்பித்தபோது ஓலைகள் ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்தன. கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம். ஓடு கட்டையைக் கவ்விக்கொண்டது.

மறுநாள் நல்ல மழை. லூர்துராஜ் வீட்டுக்குள் வந்து நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வேண்டுமென்றே குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா! சொட்டுது!"

"அது உன் குடையில இருந்து சொட்டுது. மடக்குடா."

மடக்கினான். காப்பி ஆறும்வரை அண்ணாந்தபடியே இருந்தான். ஓட்டின் மேல் மழை அடிக்கிற சத்தம்தான். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"உங்களுக்குன்னு ஒரு தேக்குக் கட்டில் செஞ்சு போட்டுட்டேனுங்க்கா," என்றான் மெதுவாக. "ரூமுக்கு வெள்ளையும் அடிச்சாச்சு."

டீச்சர் அவன் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டார். "நொம்ப நல்லா செஞ்சிருப்பே, சாமி. நான் வரல."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள், மத்தியான பஸ்ஸின் கூரை மேல் அந்தக் கட்டில் வந்து சேர்ந்தது. கொண்டை ஊசி வளைவில் அதன் மேல் ஒரு ஆடு படுத்துத் தூங்கியதை நானே பார்த்தேன். இறக்கி வைத்தவர்களிடம், "காலைப் பார்த்துங்க, காலைப் பார்த்து" என்று டீச்சர் கத்திக்கொண்டே முன்னால் நடந்தார். கட்டில் வாசலில் நுழையவில்லை. காலைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம்.