திடலுக்கு அடியில் போன குழாய்

குதிரை ஏற்றம் சொல்லிக்கொடுத்ததால் அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எதையும் சுலபத்தில் நம்ப மாட்டாள். தீவன மூட்டை வந்து இறங்கினால் மேலாக அள்ளிப் பார்ப்பதோடு விடமாட்டாள். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்ப்பாள். லாடம் அடிக்கிறவர் அவள் வருகிற சத்தம் கேட்டாலே ஆணிகளை எடுத்து வரிசையாக வைத்துவிடுவார். எப்படியும் கேட்கப்போகிறாள், முன்கூட்டியே காட்டிவிடலாம் என்று.

ஒரு மழைக்காலத்தில், களிமண் திடலில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது குதிரைக்குக் கால் வழுக்கியது. மேலே இருந்த சிறுமிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. மழை பெய்தால் தண்ணீர் தேங்காத திடல் ஒன்று போட்டே தீருவது என்று டீச்சர் முடிவெடுத்தாள்.

வேலையை எடுத்துக்கொண்டது அவள் கொழுந்தன். ரோடு போடுகிற காண்டிராக்டர்.

"இருக்கிற களிமண்ணை வழிச்செடுத்துட்டு, அடியை ஒரு பக்கமா சரியற மாதிரி வாட்டமா சமன் பண்ணணும் அண்ணி. அதுல துளை போட்ட குழாய் பதிச்சு, மேல ஜல்லி, ஜல்லி மேல துணி, துணி மேல மணல். மழை எவ்வளவு பெஞ்சாலும் தண்ணி கீழ இறங்கி, குழாய் வழியா வெளிய போயிடும்."

"வெளியன்னா எங்க?"

"அது பாட்டுக்குப் போயிடும். அதை என்கிட்ட விட்டுடுங்க."

அந்த பதில் அவளுக்கு உறுத்தியது. கேட்ட கேள்விக்கு நேராக பதில் சொல்லாதவன் எதையோ மறைக்கிறான் என்பது அவள் கணக்கு.

வேலை தொடங்கியதும் அவள் குடையை விரித்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றாள். ஜல்லி லாரி வந்தால் ஏறிப் பார்த்தாள். ஒரு கைப்பிடி ஜல்லியை வாளித் தண்ணீரில் போட்டு அலசி, எவ்வளவு மண் கலங்குகிறது என்று பார்த்தாள். துணியை விரலால் இழுத்துப் பார்த்தாள். கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனான்.

அதைவிட அவளைக் குடைந்தது வேறொன்று. திடலின் தாழ்ந்த மூலையில் அவள் கணவரின் பட்டறை இருந்தது. சேணம் தைக்கிற இடம். அதற்கு அந்தப் பக்கம் தெரு, தெருவோரம் ஆழமான சாக்கடைக் கால்வாய். அண்ணனும் தம்பியும் அடிக்கடி பட்டறைக்குள் போய் குசுகுசுவென்று பேசினார்கள். அவள் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். கணவர் உடனே ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பிப்பார்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"சும்மா, குடும்ப விஷயம்."

"நான் எந்தக் குடும்பம்?"

கணவர் நூலை எச்சில் பண்ணினார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஜல்லியிலும் துணியிலும் கை வைக்கிறார்கள் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். ஒருநாள் விரித்து முடித்த மணலை வேலையாட்கள் முன்னாலேயே மண்வெட்டியால் கிளறி, அடியில் துணி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கொழுந்தன் முகம் கறுத்துப்போயிற்று.

"கூடப் பிறந்த அக்கா மாதிரி நினைச்சு வேலை செஞ்சேன் அண்ணி. இன்னைக்கோட முடிச்சுக்கறேன்" என்று சொல்லி, மிச்ச மணலைப் பரப்பிவிட்டு ஆட்களோடு போய்விட்டான்.

முதல் மழையில் திடல் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடிந்தது. ஆனால் அடுத்த மழையில் பட்டறையோர மூலை குளமாக நின்றது. குதிரை அங்கே கால் வைக்க மறுத்தது.

"நான் சொன்னேன்ல" என்றாள் கணவரிடம். "உங்க தம்பி ஏமாத்திட்டான்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"தோண்டிப் பார்த்தா தெரிஞ்சுடும்."

அவளே தோண்டினாள். மணல், துணி, ஜல்லி, குழாய், எல்லாம் சொன்னபடி இருந்தன. அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. விடாமல் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். நேராகத் தெருப்பக்கம் போகவேண்டிய குழாய் பட்டறைச் சுவரண்டை வந்ததும் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. வேலிப் புதருக்குள் நுழைந்து, பக்கத்துச் செங்கல் சூளைக்காரரின் களத்தைப் பார்த்தபடி புதரோரத்தில் முடிந்தது. அதன் வாயில் களிமண் நிரப்பிய சாக்கு ஒன்று இறுக்கி அடைத்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் சூளைக்காரர் நின்றிருந்தார்.

"அடைச்சது நான்தான் டீச்சரம்மா. போன மழையில உங்க குதிரைத் தண்ணி வந்து என் பச்சைக் கல்லு பூரா கரைஞ்சுபோச்சு. சுட வேண்டிய கல்லு சேறாயிடுச்சு. என்னைக் கேட்காம இங்க திருப்பிவிடலாம்னு யாரு சொன்னது?"

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, தான் மோப்பம் பிடித்தது தப்பில்லை என்ற திருப்தியும் கொஞ்சம் இருந்தது. மறைத்தது உண்மை. என்ன மறைத்தார்கள் என்பதில்தான் அவள் கோட்டை விட்டிருந்தாள்.

"தெரியாமப் போச்சுண்ணே. இனிமே ஒரு சொட்டு வராது. நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நேராகப் பட்டறைக்குள் போனாள்.

"ஏங்க, குழாய் ஏன் திரும்புது?"

கணவர் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார். "தெருக் கால்வாய்க்குப் போகணும்னா என் பட்டறைத் தரையை உடைக்கணும்னு சொன்னான். இந்த மேடையும் மெஷினும் எடுத்தா திரும்ப சரியா அமையாதுன்னு பயந்தேன். நான்தான் அவனைக் கெஞ்சி திருப்பவெச்சேன். தண்ணி புதரோட நின்னுடும்னு நினைச்சோம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உடனே கடப்பாரை எடுத்திருப்ப."

அது வாஸ்தவம்தான்.

மறுநாள் அவளே கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. "தம்பி, ஜல்லி சுத்தமா இருந்துச்சு" என்றாள். அவனுக்கு அது போதுமாயிருந்தது. "உங்களுக்குத் தெரியாம திருப்பினது என் தப்பு அண்ணி" என்று சொல்லி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பட்டறைத் தரையை உடைத்து, குழாயை நேராகத் தெருக் கால்வாய்க்கு விட்டார்கள். அது முடிகிறவரை கணவர் லாயத்தில் உட்கார்ந்து சேணம் தைத்தார். பக்கத்துக் குதிரை அவர் நூல்கண்டை இரண்டு தடவை மென்றது. கரைந்துபோன கல்லுக்குப் பதிலாகச் சூளைக்காரருக்குக் கொழுந்தன் தன் ஆட்களை அனுப்பி புதுக்கல் அறுத்துக்கொடுத்தான். சூளைக்காரர் ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார்.

அடுத்த பெருமழை விட்டதும் டீச்சர் குதிரையைத் திடலில் ஓடவிட்டாள். ஈர மணல் குளம்புக்கடியில் கெட்டியாக நின்றது. எந்த மூலையிலும் குதிரை தயங்கவில்லை. வேலியோரம் நின்றிருந்த கொழுந்தனைப் பார்த்து, "ஏறிப் பாரு தம்பி. நீ போட்ட திடல்தானே" என்றாள்.

அவன் குதிரையின் பல்லைப் பார்த்தான், காதைப் பார்த்தான், பின்னங்காலைப் பார்த்து ரெண்டடி தள்ளி நின்றான்.

"இது தள்ளிவிடாதுன்னு எப்படி அண்ணி நம்பறது?"