ஸ்ட்ரேக்கரின் கித்தாரில் கேட்ட மூச்சு

மேவிஸ் டாண்டியின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. டிப்டனில், கால்வாயை ஒட்டிய வீட்டுத் தோட்டத்தின் கோடியில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஆனாலும் டட்லியிலிருந்து வால்சால் வரை கித்தார் வாசிக்கிற அத்தனை பேருக்கும் அங்கே வழி தெரியும். பதினாறு வயதில் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் ஆலையில் ஈயம் பற்றவைக்கப் போனவள். ஆலை மூடியதும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்க்க ஆரம்பித்தாள். மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் கை விடும்போது இடது கையைப் பாவாடைப் பைக்குள் செருகிக்கொள்வாள். இரண்டு கையையும் உள்ளே விட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். ஆலையில் அப்படி ஒரு பெண் போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

ட்ரெவர் பிஸல் அவளிடம் வந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், மாசி மாதக் குளிரில். பஸ் டிரைவர். டென்னி ஸ்ட்ரேக்கரின் பாட்டுகளை மட்டுமே வாசிக்கும் குழு ஒன்றை நடத்திவந்தான். ஸ்ட்ரேக்கர் அந்த ஊர்ப் பக்கத்துக்காரர். எழுபத்துமூன்றில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே விழுந்து செத்தார். இதயம் நின்றுவிட்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள். குடிதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"எனக்கு அவரோட சத்தம் வேணும், மேவிஸ்," என்றான் ட்ரெவர். "அவர மாதிரி இருக்கற சத்தம் வேண்டாம். அவரோடதே வேணும்."

"செத்தவன் கையையும் சேத்து வெட்டிக் கொண்டாந்திருக்கலாமே?"

"கை என்கிட்ட இருக்கு தாயே. பெட்டிக்குத்தான் உன்கிட்ட வந்திருக்கேன்."

அன்று தொடங்கிய வேலை ஏழு மாதம் இழுத்தது. மெல்லிய மேல் தந்திக்குப் பதிலாகப் பாஞ்சோ வாத்தியத்தின் தந்தியைப் போட்டார்கள். எல்லாத் தந்தியையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார்கள். தந்தி தொளதொளத்துப் போய், அடித்தால் தொண்டை கட்டின மனிதன் பேசுவதுபோல் வந்தது. ட்ரெவர் அதற்கே குதித்தான். ஒலியைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி ஒன்றைப் பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களை வைத்து மேவிஸ் கட்டிக் கொடுத்தாள். அது குளிரில் மெலிந்து போகும், சூட்டில் கனக்கும். அதனால் வாசிக்கப் போகும் முன் ட்ரெவர் அதைக் கோட்டுக்குள் கக்கத்தில் வைத்துச் சூடேற்றுவான். அதில் பாதி தீர்ந்த பேட்டரி போட்டால்தான் சரியான குரல் வந்தது. எதிரொலி எந்திரத்தின் டேப்பை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கினார்கள்.

எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை.

ஸ்ட்ரேக்கர் கடைசி வருஷத்தில் வுல்வர்ஹாம்ப்டனில் வாசித்த ஒரு கச்சேரியின் பதிவு உண்டு. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் ஒரு முனகல் ஏறி இறங்கும். ரசிகர்கள் அதை மூச்சு என்றே சொன்னார்கள். கித்தார் மூச்சு விடுகிறது என்பார்கள். அந்தக் கச்சேரிக்கு மேவிஸ் பத்தொன்பது வயதில் போயிருந்தாள். மூன்றாவது வரிசையில் நின்றாள். அந்த மூச்சு நெஞ்செலும்பில் வந்து இடித்ததை அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் செய்துகொண்டு விட்டுப் போனவனிடம்கூட.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டை மறந்து, அந்தப் பதிவை ஹெட்ஃபோனில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாலாவது முறை கேட்கும்போது ஒன்று உறைத்தது. ஸ்ட்ரேக்கர் பாடும்போது மூச்சு இல்லை. பாட்டை நிறுத்தியதும் வருகிறது. மறுபடி பாட வாயைத் திறந்ததும் கத்தரித்ததுபோல் நிற்கிறது. ஒரு பாட்டிலும் தவறவில்லை.

தட்டிலிருந்த உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. மேவிஸ் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

மறுநாள் ட்ரெவரிடம் சொன்னாள். "அவர் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இல்ல. யாரோ கழட்டியிருக்காங்க. உள்ள ஒரு கண்டென்சர் கசிஞ்சு, பெட்டியோட இரும்பு உடம்புல கரண்ட் ஏறியிருக்கு. அங்கேருந்து தந்திக்கு. அந்த முனகல் அதுதான்."

"பாடும்போது ஏன் நிக்குது?"

"மைக்குக்கு எர்த் இருக்கு. உதடு அதுல பட்டதும் கரண்ட் அவர் வழியா எறங்கிடுது. கையில புகுந்து வாயில வெளிய போகுது. ராத்திரிக்கு ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா. ஒருநாள் அந்தக் கண்டென்சர் முழுசா உடைஞ்சிருக்கு. நாம ரசிச்சுக் கேட்டது அந்த மனுஷன் சாகற சத்தத்த, ட்ரெவர்."

ஜன்னலுக்கு வெளியே கால்வாயில் ஒரு வாத்து போய்க்கொண்டிருந்தது. ட்ரெவர் அதையே பார்த்தான்.

"அப்ப எர்த்தக் கழட்டினா வந்துடும்?"

"வெளிய போ."

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற மூஞ்சி இது இல்ல. என் கையால நான் செய்ய மாட்டேன். நீயும் செய்யக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவன் சத்தியம் பண்ணினான். அவனுடைய ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பியை மேவிஸ் அவன் கண்ணெதிரிலேயே இன்னொரு தடவை முறுக்கி, ஈயம் வைத்து, பெட்டியை மூடிக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் அவனிடமிருந்து பேச்சே இல்லை. வழக்கமாக வாரத்துக்கு நாலு தடவை போன் பண்ணுகிறவன். அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாலு மணி தாண்டி, அவன் மனைவி லொரெய்ன் கூப்பிட்டாள்.

"மேவிஸ், உனக்கு ஏதாவது தெரியுமா? ரெண்டு நாளா உதடு மரத்துப்போச்சுன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே திரியறான். பல்லெல்லாம் தகரம் கடிச்ச மாதிரி இருக்காம்."

"வேற என்ன?"

"குப்பைத்தொட்டில ஒரு துண்டு ஒயர் கெடந்துது. பச்சையும் மஞ்சளுமா. எங்கேயோ ஒரு ஓட்டை ரேடியோவ வாங்கியாந்து வயித்தக் கிழிச்சுப் போட்டிருக்கான்."

பச்சையும் மஞ்சளும் என்றால் எர்த் கம்பி; ரேடியோவைக் கிழித்தது அதிலிருக்கும் கசிகிற பழைய கண்டென்சருக்காக. "இப்ப எங்க இருக்கான்?"

"வெட்னஸ்பரி கிளப்புல. ராத்திரிக் கச்சேரிக்குச் சத்தம் சரி பாக்கப் போயிருக்கான். ஏண்டி, என்ன ஆச்சு?"

கிளப்புக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கோட்டைக்கூடப் போடாமல் காரைக் கிளப்பினாள். பத்து நிமிஷப் பாதை. வழியில் இரண்டு சிவப்பு விளக்கு. இரண்டிலும் நிற்கவில்லை.

கார் நிறுத்துமிடத்திலேயே கேட்டது. செங்கல் சுவர் தாண்டி, மூடிய கதவு தாண்டி, அந்த மூச்சு.

உள்ளே ஓடினாள். காலி நாற்காலிகள், முந்தின நாள் பியர் வாடை. மேடையில் நாலு பேர். ட்ரெவர் கண்ணை மூடிக்கொண்டு, மைக்கிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்று வாசித்துக்கொண்டிருந்தான். மெயின் சுவிட்ச் கதவுக்கு இடப்பக்கச் சுவரில் இருந்தது. கை நீட்டினால் எட்டும்.

மேவிஸ் கையை நீட்டவில்லை.

மூச்சு ஏறியது, இறங்கியது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு நெஞ்செலும்பில் இடித்த அதே இடத்தில் வந்து இடித்தது. இந்த வரி முடியட்டும் என்று நினைத்தாள். அது முடிந்தது. அடுத்ததும் முடியட்டும் என்று நினைத்தாள். பாடுகிற இடம் வருவது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு சுரமும் தெரியும்.

ட்ரெவர் முன்னால் இரண்டு எட்டு வைத்தான். உதடு மைக்கில் பட்டது. மூச்சு நின்றது. பாட்டு வரவில்லை.

அவன் விறைத்து, தந்திகளைப் பிடித்த கையோடு, மைக்கையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தான். அப்போதுதான் மேவிஸ் சுவிட்சை இழுத்தாள். இருட்டில் யாரோ அலறினார்கள். டிரம்ஸ்காரன் முன்பு தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன். தாவி வந்து ட்ரெவரின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

ட்ரெவர் பிழைத்தான். இடது கையில் தந்தி பதிந்த இடமெல்லாம் கரிந்துபோய், இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. பஸ் வேலையும் போயிற்று, கித்தாரும் போயிற்று. தை மாதம் கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"கேட்டியா, மேவிஸ்?"

"கேட்டேன்."

"அதேதான?"

"அதேதான்."

"நீ எப்ப உள்ள வந்தே?"

"நீ விழறப்ப," என்றாள்.

ட்ரெவர் அவளை உற்றுப் பார்த்தான். டீயைக் குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. லொரெய்ன் மட்டும் ஆண்டுக்கொருமுறை கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புவாள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பாள். மேவிஸ் அந்த அட்டைகளை அலமாரியில் நிறுத்திவைக்காமல் இழுப்பறையில் போட்டு மூடுவாள்.

அன்று டிரம்ஸ்காரன் சத்தம் சரி பார்க்கும்போதே எல்லாவற்றையும் கேசட்டில் பதிந்திருந்தான். அதை யார் பிரதி எடுத்தார்கள் என்று தெரியாது. ஒரு வருஷத்துக்குள் அது கடல் கடந்தது. ஸ்ட்ரேக்கரின் மூச்சை யாரோ டிப்டன் பெண்மணி திரும்பக் கொண்டுவந்துவிட்டாள் என்று பேச்சு பரவியது. கடிதங்கள் வந்தன. மேவிஸ் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, எர்த் போட்டபடியே, மின்சாரம் தந்திக்குப் போகாமல் அந்த முனகலை மட்டும் கலந்து கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டினாள். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே அனுப்பினாள். யாரையும் அது ஒன்றும் செய்யாது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இல்லை என்று எழுதினார்கள்.

ஒருநாள் காலை ஹாலந்திலிருந்து ஒருவன் போன் செய்தான். மரியாதையான குரல். பெட்டி கிடைத்தது, நன்றி என்றான். பிறகு, கேசட்டில் இருப்பது எப்படி வந்தது என்று கேட்டான்.

மேவிஸ் அன்று எதையும் மறைக்கவில்லை. எர்த், கசிவு, உதடு, மைக், கரிந்த விரல், எழுபத்துமூன்றில் செத்த மனிதன், எல்லாவற்றையும் சொன்னாள். தான் சுவிட்சின் பக்கத்தில் நின்ற அரை நிமிஷத்தையும், முதன்முதலாக, முகம் தெரியாத அந்த ஆளிடம் சொன்னாள்.

"அய்யோ பாவம்," என்றான் அவன். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அம்மா, அந்தப் பழைய கண்டென்சர் மேல என்ன நம்பர் போட்டிருந்துது?"

மேவிஸ் போனை வைத்தாள். அந்த வாரத்தில் இன்னும் மூன்று பேர் அதையே கேட்டுக் கூப்பிட்டார்கள்.