அளவுக்கு நின்றவர்

சிறு வயதில் தாம் உயிர் பிழைத்த கதை துறவி ஐல்மருக்கு மனப்பாடம். ஆண்டுதோறும் புனித ஹில்பர்காவின் திருநாளில் அதை வாசிப்பார்கள். அப்போது அவர் புனிதையின் கல்லறைக்குப் பக்கத்தில் எழுந்து நிற்க வேண்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை தாய் நூலால் அளந்தாள். அந்த நூலைத் திரியாக்கி, மெழுகு வார்த்து, கல்லறையில் ஏற்றினாள். பிள்ளை கண் திறந்தான். பிழைத்தால் தருவதாக நேர்ந்துகொண்டபடியே அவனை மடத்துக்குக் கொடுத்தாள். வாசித்து முடித்ததும் யாத்திரிகர்கள் வந்து அவருடைய அங்கியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் பனிக்காலத்து விடியற்கால ஜெபத்தில் விரல் விறைக்கும்போதெல்லாம், ஏன் இங்கே இருக்கிறேன் என்ற கேள்விக்கு அந்தக் கதைதான் பதில். அளக்கப்பட்டவன் புனிதைக்குச் சொந்தம்.

இந்த வருடம் மடத் தலைவர் புனிதையின் அற்புதங்களைப் புதிதாக எழுதச் சொல்லியிருந்தார். முதல் அற்புதமாக ஐல்மருடையதே வர வேண்டும். திருநாளுக்கு முன் முடிய வேண்டும். அவரும் எழுதுவதற்கான ஆட்டுத்தோலைச் சுரண்டி, கோடு இழுத்து, எழுதும் இறகைச் சீவி வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் டன்னிங் ஒரு கூடை விலாங்கு மீனோடு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சதுப்பில் மீன் பிடிப்பவர். முழங்கால் வீங்கி மடங்கியபடியே நின்றுவிட்டது. புனிதைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம் என்று வந்திருந்தார். மெழுகுப் பொறுப்பிலிருந்த துறவி நூலோடு வந்து, உச்சி முதல் பாதம் வரை அளக்கக் காலை நீட்டச் சொன்னார். கால் நீளவில்லை. பக்கத்தில் நின்ற ஐல்மரைப் பார்த்து டன்னிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அன்னிக்கு நீ, இன்னிக்கு நானா? நீயும் இப்படித்தான் தம்பி, நத்தை மாதிரி சுருண்டு கிடந்தே. அம்மா இழுத்து இழுத்துப் பாத்தா, நிமிரவே இல்ல. கடைசியில என்னையக் கதவோரம் நிக்க வச்சு அளந்துட்டா. ரெண்டு பேரும் ஒரே உசரம்தானே அப்போ."

"யாரை அளந்தாங்க?"

"என்னைத்தான். ஏன், உனக்குத் தெரியாதா?" டன்னிங் தம்பியின் முகத்தைப் பார்த்தார். "உன் கதையை நீயே எழுதுறவன்னு ஊரே சொல்லுது. போச்சு போ."

ஐல்மர் எழுத்தறைக்குத் திரும்பி இறகைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். நூலில் ஏதோ இருக்கிறது என்றால், டன்னிங்தான் இந்த அங்கிக்குள் இருந்திருக்க வேண்டும். சதுப்பில் வலை போட வேண்டியவர் தாம். நூலில் ஒன்றுமில்லை என்றால், இதுவரை எழுதிய அற்புதங்களில் எல்லாம் உச்சி முதல் பாதம் வரை என்று அவ்வளவு அக்கறையாக எழுதினாரே, அது எதற்கு? ஆள் மாற்றி அளந்த நூலென்று புனிதைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் தம்பியைப் பிழைக்க வைத்தாள் என்றால், தனக்கென்று அவள் கேட்டது யாரை?

மடத் தலைவரிடம் போனார். புனிதை பார்ப்பது தாயின் மனதை, நூலை அல்ல என்று அவர் சொன்னார். பழைய கதையையே எழுது, யாத்திரிகர்களைக் குழப்பாதே என்றும் சொன்னார். நல்ல பதில்தான். ஆனால் மனதைப் பார்க்கிறவளுக்கு நூல் எதற்கு என்று கேட்க ஐல்மருக்கு வாய் வரவில்லை. ஏழு வயதில் மடத்து வாசலில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதது மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. அன்று யாரோ விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை விருந்தினர் அறையில் டன்னிங் இன்னும் மடங்கிய காலோடு உட்கார்ந்திருந்தார். மெழுகுப் பொறுப்பிலிருந்த துறவி இன்னும் அளக்காத நூலைக் கையில் சுற்றியபடி நின்றார்.

"என்னை அளந்துக்கோங்க," என்றார் ஐல்மர். "அண்ணனுக்காக."

கதவோரம் போய் நின்றார். எழுதி எழுதி முதுகு வளைந்திருந்தது.

"நிமிந்து நில்லுடா," என்றார் டன்னிங். "நான் அன்னிக்கு நிமிந்துதான் நின்னேன்."

நூல் உச்சியில் பட்டு, கழுத்து வழியாக இறங்கிக் குதிகாலில் நின்றது. அவரை நூலால் அளப்பது வாழ்நாளில் இதுதான் முதல் முறை. புனிதை இப்போது யாரைக் கேட்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த நூலைத் திரியாக்கி வார்த்த வத்தி கல்லறையில் எரிந்து முடிந்தது. முழங்கால் கொஞ்சம் நீண்டது, முழுதாக இல்லை. அது புனிதை செய்ததா, அடுப்போரத்துச் சூடு செய்ததா என்று ஐல்மர் கேட்டதற்கு, டன்னிங் "ரெண்டுக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கிறேன்," என்று சொல்லிக் காலிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்று மாலை ஐல்மர் முதல் அற்புதத்தை இப்படி எழுதினார்: அளவுக்கு நின்றவன் அண்ணன், பிழைத்தவன் தம்பி, ஏன் என்று எழுதுகிறவனுக்குத் தெரியவில்லை. மடத் தலைவர் இதைச் சுரண்டி அழிக்கச் சொல்வார். சொன்னால் சுரண்ட வேண்டியதுதான். ஆனால் திருநாளில் அளக்கப்பட்ட பிள்ளை இவர்தான் என்று கல்லறைக்குப் பக்கத்தில் எழுந்து நிற்கச் சொன்னால் எழுந்திருப்பதா வேண்டாமா என்பதுதான், மை உலரும் வரை யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.